காசு மறுநாள்தான் வந்தது

போன ஞாயிறு எங்கள் சேர்ச்சில் அறுவடைத் திருநாள். ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல, காணிக்கையாக வந்த பொருட்களின் ஏலம். ஒரு கதலிக்குலை 500 ரூபாவில் தொடங்கியது. வாட்ஸப் வீடியோவில் நின்ற ரொறன்ரோ அண்ணர் ஒருவர் அதை 35,000 ரூபாவில் முடித்துவைத்தார். நல்ல கைதட்டல். ரொறன்ரோவுக்கு வாழைக்குலை அனுப்ப ஏலாது என்பதால் அதே குலை திரும்பவும் ஏலத்துக்கு வந்தது. அதற்கும் கைதட்டல்.

அந்தக் குலையைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்த அக்கா கடைசி வாங்கில் இருந்தார். அவர் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. சொல்லுவார்கள் என்று அவர் பார்த்துக்கொண்டிருந்ததாகவும் தெரியவில்லை. வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போகிறவர். எனக்கு அவரைத் தெரிந்தது வேறொரு விஷயத்தால்.

இரண்டு வருடத்துக்கு முன் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். பெண்கள் வார்ட்டில் இரவில் துணைக்குப் பெண்கள்தான் நிற்கலாம். தங்கச்சி லண்டனில். அண்ணா கனடாவில். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அண்ணா அன்றிரவே காசு போட்டுவிட்டார், அவரில் ஒரு குறையும் சொல்லமாட்டேன். ஆனால் பொக்கற்றில் அவ்வளவு காசையும் வைத்துக்கொண்டு வார்ட் வாசலில் நான் நின்ற நிலை இருக்கிறதே, அதை எழுத வரவில்லை. சம்பளத்துக்கு ஆள் பிடிக்கப் பார்த்தேன். அந்த நேரத்தில் ஒருவரும் அகப்படவில்லை.

ஏழு மணிபோல இந்த அக்கா ஒரு போத்தலில் கஞ்சியோடு வந்தார். யார் சொல்லி வந்தார் என்று இன்றுவரை தெரியாது.

"தம்பி, நீ வீட்ட போய்ப் படு. நான் அம்மாவோட இருக்கிறன்."

அப்படி 11 இரவு. பகலில் தோட்டம், இரவில் வார்ட். அம்மாவின் தலையை இழுத்துப் பின்னிவிடுவார். பக்கத்துக் கட்டில் ஆச்சிக்கும் சேர்த்துத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பார். கடைசி நாள் ஒரு என்வலப்பை நீட்டினேன். "விசர்க்கதை கதையாத" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்துவிட்டார்.

எங்கள் சபையின் சந்தாக் கணக்கு ஒவ்வொரு வருடமும் அச்சாகும். அதில் அவர் பெயருக்கு நேரே இருப்பது மாதம் 50 ரூபா. அந்த 11 இரவையும் எழுத அந்தப் புத்தகத்தில் இடம் இல்லை. எழுதத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை, எழுதினால் அவரே கோபிப்பார். ஆனால் அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் யார் கொடுக்கிற ஆள், யார் கொடுக்காத ஆள் என்று நாங்கள் தீர்மானித்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு உறுத்துவது அதுதான்.

வழியில் அடிபட்டுக் கிடந்த அந்நியனுக்கு உதவிய நல்ல சமாரியனின் கதையை ஞாயிறு பள்ளியில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். அம்மாவின் வார்ட்டுக்குப் பிறகு பைபிளில் லூக்கா 10ஐ மெதுவாக வாசித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. சமாரியன் கிட்ட வருகிறான், காயத்தைக் கட்டுகிறான், தன் வாகனத்தில் ஏற்றுகிறான், சத்திரத்துக்குக் கொண்டுபோய்ப் பராமரிக்கிறான். இரண்டு பணத்தை எடுத்துக் கொடுப்பது மறுநாள் புறப்படும்போதுதான். காசு கதையில் இருக்கிறது, ஆனால் கடைசியில் இருக்கிறது. நாங்கள் அந்த முதல் இரவை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு பணத்தை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

மத்தேயு 25இலும் பாருங்கள். "வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்." குணமாக்கினீர்கள் என்று இல்லை, மருந்துச் செலவைக் கட்டினீர்கள் என்றும் இல்லை. வந்தீர்கள், அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருக்கிறவனுக்கு இந்த விஷயத்தில் வைத்தியர் கிறீனை நினைக்காமல் இருக்க முடியாது. 1847இல் அமெரிக்காவிலிருந்து மிஷன் வைத்தியராக வந்தவர். இடையில் சில வருடம் ஊருக்குப் போனது தவிர 1873 வரை இங்கேதான். அவர் ஆஸ்பத்திரி நடத்தியதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். என்னை அசைப்பது அவர் தமிழ் படித்தது. படித்து, மருத்துவ நூல்களைத் தமிழில் பெயர்த்து, இந்த ஊர்ப் பெடியன்களுக்கு முதலில் ஆங்கிலத்திலும் பிறகு தமிழிலேயும் வைத்தியம் படிப்பித்து, அறுபதுக்கு மேற்பட்டவர்களை வைத்தியர்களாக்கினார். ஆங்கிலத்திலேயே தொடர்ந்திருந்தால் அவருக்கு எவ்வளவோ வேலை மிச்சம். தன் கல்லறையில் தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்ற பொருளில் எழுதவேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அமெரிக்காவில் அப்படித்தான் பொறித்தும் இருக்கிறார்கள். எங்கள் ஊரில் இப்போது ரியூப்லைட்டில்கூட உபயகாரர் பெயர் இருக்கிறது. வெளிச்சம் பெயரைச் சுற்றித்தான் வருகிறது.

சரி, புலம்பெயர்ந்தவர்களைத் திட்டுகிறேன் என்று கொமண்டில் வராதீர்கள். அவர்களுடைய காசு இல்லாவிட்டால் இங்கே எத்தனை வீட்டுக்குக் கூரை இருந்திராது. தூரத்தில் இருக்கிறவர் காசு அனுப்பாமல் வேறு என்ன செய்வது? என் கேள்வி பக்கத்தில் இருக்கிறவர்களிடம், அதாவது என்னிடம். இரண்டு தெரு தள்ளி இருக்கிற வீட்டுக்கும் கனடாவில் இருக்கிறவர் மாதிரியே காசு அனுப்புகிறோமே, அதைத்தான் கேட்கிறேன்.

எதிர்ப்பக்கமும் உண்டு. "காசு என்ன காசு, அன்புதான் முக்கியம்" என்று சொல்லிக் காணிக்கைப் பை வரும்போது கண்ணை மூடி ஜெபிக்கிற ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும். பசித்தவனிடம் குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று சொல்லி அனுப்புவதால் என்ன பிரயோசனம் என்று பைபிளில் யாக்கோபு அவர்களுக்குத்தான் எழுதினார். அக்கா அந்த 50 ரூபாவையும் தவறாமல் கொடுக்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்று. இது கிறிஸ்தவர்களான எங்களுக்கு மட்டும் சொந்தமான குணம் என்று நினைத்துவிடக்கூடாது. 1995 ஒக்டோபர் கடைசியில் யுத்தத்தால் இடம்பெயர்ந்து வலிகாமம் முழுக்க நாவற்குழிப் பக்கமாக நகர்ந்தபோது, தென்மராட்சியில் எங்களுக்கு விறாந்தையைத் திறந்துவிட்டது ஒரு சைவக் குடும்பம். எங்கள் சாதி, சமயம் ஒன்றையும் கேட்கவில்லை. "கிணறு அங்கால, வாளி இருக்கு" என்றுதான் முதலில் சொன்னார்கள். சமாரியனும் வேறு கூட்டத்து ஆள்தானே.

அம்மா போய்விட்டார். அக்காவுக்கு நான் பட்ட கடனை அவரிடம் திருப்பிக் கொடுக்க வழியில்லை, வாங்கமாட்டார். அதனால் போன மாதம் தொடங்கி ஒரு பழைய ஆசிரியரின் வீட்டுக்குப் போகிறேன். பிள்ளைகள் மூன்று பேர், மூன்று நாடு. பெரிய வீடு, கமரா பூட்டியிருக்கிறது, ஃபிரிட்ஜ் நிறையச் சாப்பாடு. பேச்சுத்துணைதான் இல்லை. கண் தெரியாததால் பேப்பரை வாசிக்கச் சொல்லுவார். மரண அறிவித்தலிலிருந்துதான் தொடங்கவேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை சொல்லுவார், சில கதை முன்பே கேட்டது. நுளம்பு வேறு. உண்மையைச் சொன்னால், இரண்டு தரம் நேரத்தைப் பார்த்தேன்.

போன கிழமை எழும்பும்போது கேட்டார்.

"இனி எப்ப வருவாய்?"

"வியாழன் வாறன் சேர்."

இன்று வியாழன். பின்னேரம் ஐந்தரை. மழை பிடித்திருக்கிறது. நான் இங்கே இருந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். குடையை எங்கே வைத்தேன் என்று தேடவேண்டும்.