ஆங்கர் எத்தனை, கிழிசல் எவ்வளவு
தோள்பட்டைத் தசைநார்க் கிழிசலுக்குத் திறந்த அறுவையைவிட, சிறு துளை வழியே கேமராவை விட்டுச் செய்யும் ஆர்த்ராஸ்கோப்பி முறையே மேலானது என்று நான் படித்த கட்டுரை அடித்துச் சொல்வது சற்று மிகை. பிரிட்டனில் இரண்டையும் ஒப்பிட்ட 'யூகஃப்' ஆய்வில், 2 ஆண்டுகளுக்குப் பின் வலியிலும் கையின் செயல்பாட்டிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. மீண்டும் கிழிந்தவர்கள் இரு தரப்பிலும் கணிசமாகவே இருந்தனர். தைக்கும் நூலைப் பிடித்து வைக்கும் சிறு ஆணி போன்ற ஆங்கர்களை எலும்பில் ஒரே வரிசையில் பதிப்பதா, இரண்டு வரிசையிலா என்பதையே விரிவாகப் பேசியிருக்க வேண்டும்: பெரிய கிழிசலில் இரட்டை வரிசை தசைநாரை எலும்போடு அகலமாக அழுத்திப் பிடிப்பதால் மறுகிழிசல் குறைகிறது, சிறிய கிழிசலிலோ பெரும்பாலும் செலவுதான் கூடுகிறது. இங்கே பெங்களூருவில் என் மாமனாருக்குத் தந்த உத்தேசச் செலவுப் பட்டியலில் ஆங்கர்களுக்கென்றே தனித் தொகை இருந்தது. எதற்கு இத்தனை என்று கேட்ட பிறகே மருத்துவர் எம்.ஆர்.ஐ. படத்தைத் திரையில் போட்டு, தசை எவ்வளவு கொழுப்பாக மாறியிருக்கிறது என்று விளக்கினார். தைத்த தசைநார் எலும்போடு பிடிப்பதில் வயதுக்கும் அந்தக் கொழுப்புக்கும் நீரிழிவுக்கும் உள்ள பங்கைக் கட்டுரை தொடவே இல்லை.