நீலத் தொட்டியில் மீன் குழம்பு

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே இருக்கும் நீல மறுசுழற்சித் தொட்டியைத் திறந்தாலே வயிறு எரிகிறது. மீன் குழம்பு வழியும் பொட்டலம், மிச்சம் வைத்த தே தாரேக் (பால் தேநீர்), கிழிந்த தலையணை! குழம்பு ஊறிய காகிதம் வெறும் குப்பைதான். யாரோ பொறுப்பாகக் கட்டிவைத்த நாளிதழ்களும் சேர்ந்தே வீணாகின்றன. நாடு முழுக்க இத்தொட்டிகளில் விழுவதில் ஏறத்தாழ 40 விழுக்காடு இப்படித்தான் மறுசுழற்சிக்கு உதவாமல் போகிறது. குப்பையை எரித்த சாம்பலைக் கொட்ட நமக்கு இருப்பது செமாக்காவ் தீவுக் குப்பை நிரப்பிடம் ஒன்றுதான். அதுவும் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள்.

இதற்குள் கையை விட்டுத்தான் அட்டைப்பெட்டி பொறுக்கும் பாட்டி துழாவுகிறார். பெற்ற தாயாக இருந்தால் பார்த்துக்கொண்டிருப்போமா? டப்பாவை அலசிப் போட எவ்வளவு நேரம் ஆகிவிடும்? மிச்சச் சோற்றைப் போட அவரவர் மாடியிலேயே குப்பைக் குழாய் இருக்கிறதே!