பெண் பூச்சிதான் எப்போதும் அதிக நாள் வாழுமா?

"எல்லாப் பூச்சிகளிலும் பெண்தான் நெடுநாள் வாழும், ஆண் இணைந்ததும் செத்துவிடும்" என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். ஆண் தேனீயைப் பொறுத்தவரை சரி. இணையும்போதே உறுப்பு பிய்ந்து இறந்துவிடும். அதை எல்லாவற்றுக்கும் பொருத்துவதுதான் தவறு.

டொலானியா அமெரிக்கானா என்ற மேஃப்ளைப் பூச்சியில் (ஆற்றில் வளரும் சிறு பூச்சி) சிறகு முளைத்த பெண்ணின் ஆயுள் 5 நிமிடம்கூட இல்லை. அதற்குள் இணைந்து, ஆற்றில் முட்டையிட்டாக வேண்டும். ஆண் அதைவிட அதிக நேரம் பறக்கும். பழ ஈயில் இன்னொரு கூத்து: ஆணின் விந்துத் திரவப் புரதங்களே பெண்ணின் ஆயுளைக் குறைக்கின்றன.

அப்புறம், தேனீயிலேயே ராணியும் வேலைக்காரத் தேனீயும் பெண்தான். ராணி சில ஆண்டுகள் வாழும். மற்றது கோடையில் சுமார் 6 வாரம். இங்கே ஆண், பெண் என்ற பேச்சே எடுபடாதே!