காந்தம்தான் காரணமாம்!

நேற்று ராத்திரி ஒன்பதரைக்கு மச்சினன் போன். எடுத்ததும் ஹலோ கூட இல்லை. "பார்த்தீங்களா மாமா? அக்கா சொன்னா, வண்டி லிட்டருக்குப் பதினஞ்சரை குடுக்குதாமே! காந்தம் வேலையைக் காட்டிடுச்சு!"

காந்தம். வேலையைக் காட்டிடுச்சு. இரண்டு மாதமாக வண்டிக்கு அடியில் முதுகைத் தேய்த்தவன் நான். நகக்கண்ணில் கிரீஸ், சட்டையெல்லாம் கூலன்ட். பெயரைத் தட்டிக்கொண்டு போவதோ கட்டைவிரல் அளவு இரண்டு காந்தத் துண்டு.

பழைய டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்த வண்டி பன்னிரண்டரைக்கு இறங்கிவிட்டது என்று தெரியாத்தனமாக வாயைத் திறந்தால் முடிந்தது, எதிரே நிற்கிற அத்தனை பேரும் டாக்டர். ஒருவர் மண்ணெண்ணெய் கலக்கச் சொல்வார். பம்ப்புக்கும், டீசலை உள்ளே தூவுகிற இன்ஜெக்டருக்கும் வழவழப்பைக் கொடுப்பதே அந்த டீசல்தான், அதைக் கெடுத்து மிச்சம் பிடித்த காசு பம்ப்பைக் கழற்றிப் பார்க்கும் கூலிக்குக் கூட வராது. இன்னொருவர், இறக்கத்தில் நியூட்ரலில் விடச் சொல்வார். அய்யா, கியரில் வைத்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே இன்ஜினைச் சுற்றும், உள்ளே டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே வரும். இதைச் சொன்னால், "முப்பது வருசமா ஓட்டுறேன் தம்பி" என்று பதில். முப்பது வருசமாகத் தப்பாக ஓட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

சரி, காந்தத்துக்கு வருகிறேன்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மச்சினன் வந்தான், உட்காரவில்லை, நேராகப் போய் பானட்டைத் திறந்தான். பையிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி. அதற்குள் பஞ்சு, பஞ்சுக்குள் இரண்டு காந்தம். தங்க மோதிரம் கூட இவ்வளவு பத்திரமாக வந்து நான் பார்த்ததில்லை. அப்புறம் ஆரம்பித்தது பாடம். டீசல் மூலக்கூறுகள் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டு வருகின்றனவாம். காந்தத்துக்கு நடுவே போகும்போது அவை பிரிந்து, காலைப் பிரார்த்தனைக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரி வரிசையாகிவிடுமாம். வரிசையாகப் போய் முழுசாக எரியுமாம்.

"டீசல் என்ன இரும்புத்தூளாடா? வெறும் கார்பனும் ஹைட்ரஜனும்தானே?"

"அதெல்லாம் சயின்ஸ் மாமா, சொன்னா உங்களுக்குப் புரியாது."

புரியாதுதான். ஒழுங்காக இருக்கும் டீசல் இன்ஜினில் எரியாமல் வெளியே போவது நூற்றில் ஒன்றிரண்டு பங்கு கூட இருக்காது. பிள்ளைகளை எப்படி வரிசையில் நிறுத்தினாலும் அதற்கு மேல் மிச்சம் பிடிக்க அங்கே எதுவுமே இல்லை. போகிற சக்தியெல்லாம் சூடாக சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் போகிறது. ருடால்ஃப் டீசல் 1897-ல் ஓட்டிக் காட்டிய இன்ஜினே எரிபொருளின் சக்தியில் 26 சதவீதத்தை வேலையாக மாற்றியது. வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட மனிதர், பாவம், அவருக்கு இரண்டு காந்தம் கிடைக்கவில்லை. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு இந்த மாதிரி மைலேஜ் சாமான்களை நூற்றுக்கு மேல் சோதித்திருக்கிறது, காந்தமும் அதில் உண்டு. மைலேஜைக் குறிப்பிடும்படி கூட்டிய ஒன்றும் அகப்படவில்லை. அவர்களுக்கு மச்சினன் இல்லை போலிருக்கிறது.

காந்தத்தை எந்தப் பக்கமாக வைப்பது என்பதற்குப் பத்து நிமிடம். பெட்டியில் போட்டிருந்த அம்புக்குறி வண்டியின் முன்பக்கத்தைக் காட்ட வேண்டுமா, டீசல் போகிற பக்கத்தைக் காட்ட வேண்டுமா என்று தனக்குத் தானே பட்டிமன்றம். கடைசியில் ஒரு குழாயைப் பிடித்து, இரண்டு பக்கமும் காந்தத்தை வைத்து, பிளாஸ்டிக் டையை இழுத்து இறுக்கி, மீந்த வாலைக் கத்தரித்து, தள்ளி நின்று அழகு பார்த்தான். நானும் பார்த்தேன். அது ரிட்டர்ன் குழாய். இன்ஜெக்டர் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய டீசல் டேங்குக்குப் போகிற வழி. வீட்டுக்குப் போகிற பிள்ளைகளைப் பிடித்துப் பிரார்த்தனைக்கு நிறுத்தியிருக்கிறான்.

சொன்னேன். முகம் சுருங்கவில்லை. "அதுக்கும் பலன் உண்டு மாமா" என்று சொல்லிக்கொண்டே கழற்றி அடுத்த குழாயில் கட்டினான். வண்டியைக் கிளப்பச் சொன்னான். அஞ்சு நிமிடம் ஓடியது. அந்த நேரத்தில்தான் சாய்ந்து நிற்கப் பிடிமானம் தேடி, ரேடியேட்டருக்குப் போகிற மேல் ஹோஸ் மேல் கையை வைத்தான்.

"மாமா, இது வெதுவெதுன்னு இருக்கு. காந்தத்தோட சூடா?"

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடாமல் அடைத்து வைக்கிற வால்வு. இன்ஜின் 80 டிகிரியைத் தாண்டி அது திறக்கும் வரைக்கும் அந்த ஹோஸ் சில்லென்று இருக்க வேண்டும். உள்ளே எட்டிப் பார்த்தேன், டெம்பரேச்சர் முள் தரையோடு படுத்திருந்தது. ஒரு வருடமாக அப்படித்தான் படுத்திருக்கிறது.

அவனை அனுப்பிவிட்டு (போவதற்குள் எட்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து, "டீசல் முள்ளு அசையவே இல்ல மாமா" என்று ஒரு ஆய்வறிக்கை வேறு) தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்றினேன். உள்ளே தெர்மோஸ்டாட் சிக்கிக்கொண்டிருக்கும், மாற்றிவிடலாம் என்று நினைத்திருந்தேன். சிக்கவில்லை. இல்லவே இல்லை. ஓட்டை. பல் பிடுங்கின இடம் மாதிரி வெறும் குழி.

போன வருடம் ரேடியேட்டரைக் கழுவக் கொடுத்தபோது அந்த மெக்கானிக் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "ஒரு சின்ன வேலை பண்ணியிருக்கேன் சார், இனிமே வண்டி சூடே ஆகாது. முள்ளைப் பாருங்க!" நானும் பார்த்து, தலையாட்டி, நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தேன். ஜலதோஷம் பிடிக்கும் என்று மூக்கை அறுத்திருக்கிறார், நான் கைகுலுக்கியிருக்கிறேன்.

டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை இருபதில் ஒரு பங்காக நசுக்கி, அந்தச் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். சுற்றிலும் சில்லென்று தண்ணீரை ஓட விட்டால் சிலிண்டர் சுவர் அந்தச் சூட்டைத் திருடிக்கொள்ளும், பற்றுவது தாமதமாகும், ஆயில் கெட்டியாகவே கிடந்து பிஸ்டனைப் பிடித்து இழுக்கும். சின்னச் சின்ன தூரம் ஓடுகிற வண்டி என்றால் கேட்கவே வேண்டாம், வீடு வந்து சேரும் வரை இன்ஜினுக்குக் காலை ஆறு மணிதான். இதைக் கண்டுபிடிக்காமல் நான் மாற்றிய சாமான்களின் பட்டியல் வேண்டாம். இன்ஜெக்டர் நாசில் நாலும் புதுசு. அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

புதுத் தெர்மோஸ்டாட் போட்டேன். பாதி வழியில் முள் எழுந்து நடுவில் உட்கார்ந்தபோது பக்கத்தில் யாரும் இல்லை, இருந்திருந்தால் கட்டிப் பிடித்திருப்பேன். வந்த வேகத்தில், ஓட்டிவிட்டு இறங்கி நாலு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தேன். பின்னால் ஒன்றுமில்லை. முன்னால் இடது பக்கம் மட்டும் கையை வைக்க முடியவில்லை. பிரேக்கைப் பிடிக்கிற காலிப்பரின் பின் துரு ஏறிச் சிக்கி, பிரேக்கைப் போட்டபடியே ஊர் சுற்றியிருக்கிறேன். தேய்த்து கிரீஸ் வைத்தேன். டயரில் காற்று, அதுவும் குறைவு, சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அப்புறம் அளந்தேன். முள்ளைப் பார்த்து இல்லை. ஒரே பம்ப்பில், நுரை அடங்கும் வரை நின்று, டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி. மூன்று தடவை. மூன்றும் பதினஞ்சரையை ஒட்டி.

இந்தப் பதினஞ்சரைக்குத்தான் நேற்று ராத்திரி அந்த போன்.

"டேய், அந்தக் காந்தத்தை அன்னைக்கு சாயங்காலமே கழற்றிட்டேன்டா."

அமைதி.

"கழற்றி?"

"டூல் பாக்ஸ்ல இருக்கு. ஸ்க்ரூ கீழே விழாம பிடிச்சுக்குது. அதுக்கு ரொம்ப நல்லா இருக்கு."

மறுபடி அமைதி. யோசிக்கிறான் என்பது மூச்சிலேயே கேட்டது. தோற்றுவிட்டான் என்று நினைத்தேன், மனசுக்குள் ஒரு குளிர்ச்சி.

"அப்போ பாருங்க மாமா, ஒரு நாள் இருந்ததுக்கே இந்த எஃபெக்ட்!"

சிரித்துவிட்டேன். என்ன செய்ய? போனைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தேன். அடுத்த வாரம் இன்னும் நாலு காந்தம் கொண்டு வருகிறானாம். வரட்டும், ஸ்க்ரூ நிறைய இருக்கிறது.

ஆனால் ஒன்று. வருகிறவன் காரில் ஏறி இறங்கும்போது கதவை ஏன் அப்படி அறைகிறான்? டிராக்டர் கதவா அது? மெதுவாகத் தள்ளினால் மூடிக்கொள்ளும்டா. ஜன்னல் கண்ணாடி ஏற்கனவே உள்ளே லொடலொடவென்று ஆடுகிறது. அந்தப் பக்கக் கதவில் வெளிக் கைப்பிடியை இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது, இரண்டு தடவையும் அவன்தான்.