பாட்டுக் கேட்க வந்தவரைக் கேள்வி கேட்காத மென்பொருள்

யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை உள்ள கட்டற்ற மென்பொருளாக வெளிவரும் பாட்டு பிளேயர்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே, பார்க்க நன்றாக இல்லை என்பதைத்தான் பெரும்பாலோர் முதல் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவாக உடன்பாடில்லை. நிறத்தையும் பொத்தான்களின் வடிவத்தையும் மாற்றுவது ஓரளவு சுலபமான வேலை. அப்படி மாற்றப்பட்டுப் பளபளவென்று இருந்தும், வேண்டிய பாட்டைத் தேடி எடுக்க முடியாத பிளேயர்கள் உண்டு. ஒழுங்கில்லாமல் சேர்ந்துகிடக்கும் பாட்டுக் கோப்புகளை முதன்முதலாக ஒரு பிளேயரிடம் காட்டும்போது, நம்மை எதுவும் கேட்காமல் அது தானாக என்ன செய்கிறது என்பதில்தான் அதன் எளிமை இருக்கிறது என்பது என் கருத்து. அமைப்புகள் பக்கத்தில் எத்தனை வசதிகள் இருந்தாலும், அந்தப் பக்கத்துக்கு ஒருநாளும் போகாதவருக்கு அவை இல்லாதவையே. இணையத்தில் சந்தா கட்டிக் கேட்கும் செயலிகளைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. பாட்டுகளைக் கோப்புகளாகத் தம் கணினியில் வைத்துக்கொண்டு கேட்பவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் பேசுகிறேன்.

க்ளெமென்டைன் என்ற பிளேயரை எடுத்துக்கொள்வோம். லினக்ஸ், விண்டோஸ், மேக் ஆகிய மூன்றிலும் இயங்கும் அது எனக்கு மிகவும் பிடித்தமானது என்பதால் உரிமையோடு குறை சொல்கிறேன். அதில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, இடப்பக்க நூலகத்திலிருந்து வேறொரு பாட்டை இருமுறை சொடுக்கினால், அந்தப் பாட்டு உடனே ஒலிக்கும் என்றுதான் புதிதாக வந்தவர் எதிர்பார்ப்பார். நாம் எதையும் மாற்றாதவரை இருக்கும் இயல்பமைப்பில் நடப்பதோ வேறு. சொடுக்கிய பாட்டு வலப்பக்கத்துப் பிளேலிஸ்ட்டின் கடைசியில் போய்ச் சேர்ந்துகொள்ளும். பழைய பாட்டு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பிளேலிஸ்ட் நீளமாக இருந்தால் புதிதாகச் சேர்ந்தது கண்ணிலும் படாது. சொடுக்கு சரியாக விழவில்லை போலும் என்று அவர் மறுபடி சொடுக்குவார். அதே பாட்டு இன்னொரு தடவை சேரும். இதை மாற்ற வழியில்லாமல் இல்லை. அமைப்புகளில் பிளேயரின் நடத்தை பற்றிய பகுதிக்குப் போனால், இருமுறை சொடுக்கிய பாட்டைப் பிளேலிஸ்ட்டில் சேர்ப்பதா, இருப்பதை எடுத்துவிட்டு அதை வைப்பதா, புதுப் பிளேலிஸ்ட் திறப்பதா, அடுத்து ஒலிக்கும் வரிசையில் நிறுத்துவதா என்று ஒரு தேர்வு இருக்கிறது. சேர்த்த பிறகு இயக்கவே வேண்டாமா, எதுவும் ஓடாமல் இருந்தால் மட்டும் இயக்குவதா, எப்போதும் இயக்குவதா என்று அதனருகிலேயே இன்னொரு தேர்வும் இருக்கிறது. நாலு மூணு பன்னிரண்டு. ஒரே ஒரு சொடுக்குக்குப் பன்னிரண்டு விதமான விளைவுகள் இருக்க, புதியவர் எதிர்பார்ப்பது மட்டும் இயல்பமைப்பில் இல்லை.

இயல்பமைப்பை அப்படி வைத்ததற்கும் நியாயம் உண்டு என்பதை மறுக்க மாட்டேன். பார்த்துப் பார்த்துத் தொகுத்த பிளேலிஸ்ட் ஒரு சொடுக்கில் கலைந்துவிடக் கூடாது என்ற அக்கறை அதில் இருக்கிறது. ஆனால் பிளேலிஸ்ட்டைக் கலைக்காமலே, கடைசியில் சேர்த்த கையோடு அந்தப் பாட்டை ஒலிக்கவும் செய்யலாம். அப்படிச் செய்தால் பழையவருக்கு எதுவும் அழியாது, புதியவருக்குக் குழப்பமும் வராது. இத்தகைய விடை பெரும்பாலான இடங்களில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அதைத் தேடுவதற்கு முன்பே ஒரு தேர்வுப்பெட்டியைப் போட்டுவிடுகிறார்கள் என்பதுதான் சிக்கல்.

தேர்வுப்பெட்டி எப்படிப் பிறக்கிறது என்று கவனித்தால் காரணம் விளங்கும். சம்பளமில்லாமல் ஓய்வு நேரத்தில் எழுதப்படும் திட்டம். பங்களிப்பவர் ஒருவர் இப்படித்தான் இருக்க வேண்டும் என்கிறார், இன்னொருவர் அப்படித்தான் என்கிறார். இருவரையும் இழக்க விரும்பாத பராமரிப்பாளர், ஊர்ப் பஞ்சாயத்தில் இரு தரப்பும் சமாதானமாகப் போகட்டும் என்று சொல்லி முடிப்பதைப் போல, இரண்டையும் தேர்வாக வைத்துவிடுகிறார். சண்டை தீர்ந்துவிடுகிறது, முடிவெடுக்கும் பாரம் மட்டும், அந்தப் பஞ்சாயத்திலேயே இல்லாத பயனரின் தலையில் வந்து விழுகிறது. லினக்ஸில் திரைத் தோற்றத்தையும் அடிப்படைச் செயலிகளையும் தரும் க்னோம் மேசைத்தளத்தின் முன்னணி நிரலர்களில் ஒருவரான ஹாவோக் பென்னிங்டன் 2002 வாக்கிலேயே இதைப் பற்றி விரிவாக எழுதினார். ஒவ்வொரு விருப்பத் தேர்வுக்கும் ஒரு விலை உண்டு, தேர்வுகள் பெருகப் பெருக எதையும் கண்டுபிடிக்க முடியாமல் போகும், சோதிக்க வேண்டிய சேர்க்கைகள் கூடிக்கொண்டே போகும் என்பது அவர் வாதத்தின் சாரம். அந்த ஆண்டு வெளிவந்த க்னோம் 2, இந்தச் சிந்தனையோடுதான் பல தேர்வுகளைக் கழித்துக் கட்டியது.

அந்தக் கத்தரிக்கோலும் ஓர் எல்லையைத் தாண்டினால் ஆபத்துதான். க்னோம் மியூசிக் என்ற பிளேயர் பார்ப்பதற்கு அமைதியாகவும் அழகாகவும் இருக்கிறது. ஆனால் அது இயல்பாகத் தேடுவது நம் பயனர் கணக்கில் இசைக்கென்று ஒதுக்கப்பட்ட கோப்புறையை மட்டுமே. பாட்டுகள் இரண்டாவது வட்டிலோ வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ இருந்தால், அந்த இடத்தைச் சேர்க்கும் பொத்தானை அந்தப் பிளேயருக்குள் தேடிப் பயனில்லை. மேசைத்தளத்தின் பொது அமைப்புகளில் தேடல் என்ற பகுதிக்குப் போய்ச் சேர்க்க வேண்டும். பாட்டு வரவில்லை என்றால் தேடல் அமைப்புக்குப் போக வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? ஒரு சிக்கலைத் திரையிலிருந்து அகற்றி வேறோர் அறையில் ஒளித்துவைப்பதை எளிமை என்று என்னால் ஏற்க முடியவில்லை. இந்த விஷயத்தில் விஎல்சியின் வழி எனக்குப் பிடிக்கும். 1996இல் பாரிஸ் எக்கோல் சாந்த்ரால் மாணவர்களின் திட்டமாகத் தொடங்கி, 2001இல் கட்டற்ற உரிமத்தில் வெளியான அந்த மென்பொருளின் விருப்பங்கள் சாளரத்தில், எளியவை மட்டும், அனைத்தும் என்று இரண்டு நிலைகள் உண்டு. திறந்தவுடன் எளியவை மட்டுமே தெரியும். நம்மூரில் பலர் வீடியோவுக்காக நிறுவிய விஎல்சியையே பாட்டுக்கும் வைத்துக்கொள்வதற்கு, ஒரு கோப்புறையைக் கொடுத்தால் மறுபேச்சில்லாமல் அதில் இருப்பதைப் பாடிவிடுகிறது என்பதே காரணம்.

எளிமையாக்கப் போகிறோம் என்று சொல்லி எல்லாவற்றையும் இடித்துக் கட்டுவதால் என்ன ஆகும் என்பதற்கு அமரோக் என்ற பிளேயரின் கதையே போதும். க்னோம் போன்ற இன்னொரு மேசைத்தளமான கேடிஇக்காக எழுதப்பட்ட அமரோக்கின், 2006இல் வந்த 1.4 வரிசைப் பதிப்புகளுக்கு அந்தக் காலத்தில் பெரிய ரசிகர் பட்டாளமே இருந்தது. இடப்பக்கம் தொகுப்பு, வலப்பக்கம் அகலமான பிளேலிஸ்ட், அவ்வளவுதான். கை தானாகப் பழகிவிடும். 2008 டிசம்பரில் வெளிவந்த 2.0 புதிதாக எழுதப்பட்டது. பாடகர் வரலாறு, பாடல் வரிகள் போன்றவற்றைக் காட்டும் பகுதி நடுவில் வந்து உட்கார்ந்தது, பிளேலிஸ்ட் ஓரத்தில் ஒடுங்கியது, முன்பிருந்த வசதிகள் பல முதல் பதிப்பில் காணாமல் போயிருந்தன. உருவாக்கியவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அடித்தளமான க்யூடி என்ற நிரல் தொகுப்பும் கேடிஇயும் மாறிவிட்டதால் ஏதோ ஒரு வகையில் மாற்றி எழுதத்தான் வேண்டியிருந்தது. ஆனால் நிரலை மாற்றுவதோடு நிற்காமல், பயனரின் கைப்பழக்கத்தையும் சேர்த்தே மாற்றப் பார்த்தார்கள். 1.4இன் வடிவம்தான் வேண்டும் என்று விரும்பியவர்கள் அதன் நிரலைப் பிரித்தெடுத்து வளர்த்ததே 2010இல் வந்த க்ளெமென்டைன். அது தேங்கிய பிறகு அதிலிருந்து 2018இல் பிரிந்தது ஸ்ட்ராபெரி. அமரோக்கும் சாகவில்லை, நீண்ட உறக்கத்துக்குப் பின் 2024 ஏப்ரலில் 3.0 வெளியானது. 2006ஆம் ஆண்டின் ஒரு திரை அமைப்பு இன்னும் இரண்டு பெயர்களில் உயிரோடு இருக்கிறது என்றால், எளிமை என்பதில் பழக்கத்துக்கு எவ்வளவு பங்கிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி என் மனத்தில் நெடுநாளாக இருக்கும் குறைக்கு வருகிறேன். இந்தப் பிளேயர்கள் அனைத்தும் ஓர் ஆல்பத்தை ஒரு பாடகரோ குழுவோ பாடியிருப்பார்கள் என்ற அனுமானத்தின் மேல் கட்டப்பட்டவை. பாடகர் பெயர், அதற்குள் ஆல்பம், அதற்குள் பாட்டு என்பதே மரபான அடுக்கு. தமிழ்த் திரைப்பாட்டில் ஆல்பம் என்பது படம். ஒரு படத்தில் ஆறு பாட்டு இருந்தால் ஆறையும் வெவ்வேறு பாடகர்கள் பாடியிருப்பார்கள். கேட்பவர் மனத்தில் அது இசையமைப்பாளரின் பாட்டாகப் பதிந்திருக்கும். பாட்டின் விவரங்களைக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும் குறிச்சொற்களில், ஆல்பத்துக்குரிய கலைஞர் என்ற தனிக் குறிச்சொல்லை நிரப்பாத கோப்புகளைக் கொடுத்தால், சில பிளேயர்கள் ஒரு படத்தை ஆறு துண்டாக்கி ஆறு பாடகர்களின் பெயருக்குக் கீழே போட்டுவிடும். க்ளெமென்டைன் இதில் கொஞ்சம் புத்திசாலி. ஒரே கோப்புறையில் ஒரே ஆல்பம் பெயரோடு பல பாடகர்கள் இருந்தால் அது ஒரு தொகுப்பு என்று தானே ஊகித்து, பல்வேறு கலைஞர்கள் என்ற தலைப்பின் கீழ் வைத்துவிடும். மேலைநாட்டுத் தொகுப்பில் அந்தத் தலைப்பின் கீழ் சில ஆல்பங்கள் இருக்கும். என் பெரியப்பாவின் மடிக்கணினியில் அதை நிறுவிக் கொடுத்தபோது, அவர் பல ஆண்டுகளாகப் படவாரியாகக் கோப்புறை போட்டு அடுக்கிவைத்திருந்த அத்தனையும் அந்த ஒற்றைத் தலைப்புக்குள் போய் ஒடுங்கிவிட்டன. அவர் திரையை மேலும் கீழும் உருட்டிப் பார்த்துவிட்டு, “என் படமெல்லாம் எங்கடா போச்சு?” என்றுதான் கேட்டார். நூலகத்தை ஆல்பவாரியாக மாற்றியதும், இசையமைப்பாளர் வாரியாகப் பிரிக்கும் வசதியை மேம்பட்ட குழுவாக்கம் என்ற பட்டியலுக்குள் கண்டெடுத்ததும், அவருக்கு நிம்மதி வந்தது. வசதி இருக்கிறது, அவர் ஒருநாளும் போய்ப் பார்த்திருக்க முடியாத இடத்தில் இருக்கிறது.

ஒரு தொகுப்பில் பாதிக்கு மேல் பல்வேறு கலைஞர்கள் என்ற தலைப்புக்குள் விழுந்துவிட்டால், இந்தப் பயனரின் பாட்டுலகம் வேறு மாதிரியானது என்பதைப் பிளேயர் தானே உணர்ந்து ஆல்பவாரியான தோற்றத்தை முதலில் காட்டலாம். இதற்குச் செயற்கை நுண்ணறிவெல்லாம் தேவையில்லை, எண்ணிப் பார்க்கத் தெரிந்தால் போதும். இது தமிழருக்கு மட்டும் செய்யும் சலுகையும் ஆகாது. இசையமைத்தவர், நடத்துநர், இசைக்குழு, தனிக் கலைஞர் என்று ஒரு பதிவுக்கு நாலு பெயர் வைத்திருக்கும் மேற்கத்தியச் செவ்வியல் ரசிகர்களும் இதே அடுக்கோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

குறிச்சொற்களின் தரம் தனிக்கதை. இளையராஜாவின் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ‘எல்’ ஒன்றா இரண்டா, ‘ஏ’ எத்தனை, நடுவில் ‘ஐ’ வருமா என்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு கொள்கை. ஆகவே நூலகத்தில் நாலைந்து இளையராஜாக்கள் வரிசையாக நிற்பார்கள். இணையத்தில் பதிவிறக்கிய கோப்பென்றால் ஆல்பம் பெயருக்குப் பின்னால் அந்தத் தளத்தின் முகவரி ஒட்டிக்கொண்டிருக்கும். தமிழிலேயே எழுதிவைக்கலாம் என்றால், எம்பி3 கோப்பில் குறிச்சொற்களை எழுதும் ஐடி3 என்ற முறையின் பழைய முதல் பதிப்பில் பாட்டின் தலைப்புக்கு ஒதுக்கிய இடம் 30 பைட். யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் எடுத்துக்கொள்ளும், உயிர்மெய்க்கு இரண்டு குறியீடுகள்கூட ஆகும் என்பதால், ஆறேழு எழுத்தோடு தலைப்பு முறிந்துவிடும். பின்னால் வந்த இரண்டாம் பதிப்பில் இந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டது. பெயர்க் குழப்பத்துக்கும் வழி உண்டு. 2000இல் தொடங்கிய மியூசிக்பிரைன்ஸ் என்ற இசைத் தகவல் தரவுத்தளத்தில் கலைஞர் ஒவ்வொருவருக்கும் மாறாத அடையாள எண்ணும், அவர் பெயரின் மாற்று வடிவங்களும் உண்டு. அதை வைத்து, பயனரின் கோப்பைத் தொடாமல், இந்த நாலு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன போலிருக்கிறது, ஒன்றாகக் காட்டட்டுமா என்று பிளேயர் ஒரே ஒருமுறை கேட்கலாம். பயனரைக் கேட்கத் தகுந்த கேள்வி அதுதான்.

ஒலி அளவும் இப்படித்தான். 1970களின் பாட்டு முணுமுணுப்பாக ஒலித்து முடிந்ததும் அடுத்துவரும் புதுப் பாட்டு காதைக் கிழிக்கிறது. இதைச் சமன்செய்யும் ரீப்ளேகெயின் என்ற முறை 2001லிருந்தே இருக்கிறது. கட்டற்ற பிளேயர்கள் பலவற்றில் அது உண்டு, ஆனால் நாமே போய் முடுக்கிவிட வேண்டும், கோப்புகளை முன்கூட்டியே அளந்து வைத்திருக்கவும் வேண்டும். கணினி சும்மா இருக்கும் நேரத்தில் பிளேயரே பின்னணியில் அளந்து, தானே சமன்செய்துவிட்டுப் போகலாம். வேண்டாம் என்பவர்கள், அமைப்புகள் பக்கம் இருக்குமிடம் தெரிந்தவர்கள்தாமே, அணைத்துக்கொள்ளட்டும்.

எல்லாப் பழியையும் நிரலர்கள் மேல் போடுவதும் நியாயமாகாது. லினக்ஸ் நிறுவியவுடன் எம்பி3 பாடாது என்று ஒரு காலம் இருந்ததே, அது காப்புரிமைச் சட்டத்தின் கைங்கரியம். 2016 இறுதியில் ஃபெடோரா என்ற லினக்ஸ் வகை எம்பி3 ஒலிக்கும் நிரலைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 2017 ஏப்ரலில் எம்பி3 உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றிய ஃப்ரான்ஹோஃபர் நிறுவனத்தின் காப்புரிமைகளுக்கான உரிமத் திட்டமும் முடிவுக்கு வந்தது. அந்தத் தொல்லை அதோடு ஒழிந்தது.

பயன்படுத்தச் சிரமமாக இருக்கிறது என்று பொத்தாம்பொதுவாக எழுதினால், அந்த முறையீட்டை வைத்துக்கொண்டு ஒரு நிரலரால் ஒன்றும் செய்ய முடியாது. நம் கோப்புறைகள் எப்படி இருக்கின்றன என்று அவர் கண்ணால் பார்க்க வேண்டும், ஆனால் பதிப்புரிமை உள்ள பாட்டுகளை அனுப்ப முடியாது. இதற்கு வழி இருக்கிறது. குறிச்சொற்கள்தாம் இங்கே முக்கியம் என்பதால், சில விநாடி மௌனம் மட்டும் உள்ள எம்பி3 கோப்புகளில் நம் தொகுப்பின் குறிச்சொற்களை அப்படியே படியெடுத்து, படவாரியான கோப்புறை அமைப்போடு சுருக்கிக் கொடுத்தால், எந்த உரிமமும் மீறப்படாது. ஆறு பாடகர்கள் பாடிய படம் ஒன்று, நாலு விதமாக எழுதிய இசையமைப்பாளர் பெயர், தள முகவரி ஒட்டிய ஆல்பங்கள், தமிழ் எழுத்திலேயே தலைப்புள்ள சில கோப்புகள், குறிச்சொல்லே இல்லாமல் கோப்பின் பெயர் மட்டும் உள்ளவை சில என்று ஒரு மாதிரித் தொகுப்பைத் தயாரிக்கத் தொடங்கியிருக்கிறேன். பக்திப் பாடல்கள், நாட்டுப்புறப் பாடல்கள், கச்சேரிப் பதிவுகள் வைத்திருப்பவர்களும் தங்கள் கோப்புகளின் குறிச்சொற்களைக் கொடுத்தால் அதில் சேர்த்துக்கொள்கிறேன். கச்சேரிப் பதிவுகளில் ராகமும் தாளமும் எந்தக் குறிச்சொல்லில் எழுதப்பட்டிருக்கின்றன என்பதைத்தான் நான் முதலில் பார்க்க விரும்புகிறேன்.