எவினில் விழுந்த குண்டும் செவ்வாய்க்கிழமை உண்ணாவிரதமும்

போர் வேண்டாம் என்று எழுதுகிறவர்களில் பலர் ஈரான் சிறைகளைப் பற்றி வாய் திறப்பதில்லை. சிறைகளைப் பற்றி எழுதுகிறவர்களில் சிலரோ, குண்டு போட்டாவது இந்த ஆட்சி ஒழியட்டும் என்கிறார்கள். உள்ளே அடைபட்டிருக்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று இரண்டு தரப்புமே கேட்பதில்லை. இத்தனைக்கும் அவர்கள் எழுதியே வெளியே அனுப்பியிருக்கிறார்கள்.

2025 ஜூனில் இஸ்ரேல் ஈரானைத் தாக்கிய போரின்போது தெஹ்ரானின் எவின் சிறையில், பெண்கள் பிரிவிலிருந்து நான்கு அரசியல் கைதிகள் கூட்டாக அறிக்கை விட்டார்கள். அவர்களில் ஒருவர் வரீஷே மொராதி. குர்திஷ் பெண், தூக்குத்தண்டனை விதிக்கப்பட்டிருந்தவர். இஸ்ரேலின் தாக்குதலை அவர்கள் கண்டித்தார்கள். அதே மூச்சில், இந்தச் சர்வாதிகாரத்திலிருந்து விடுதலை மக்கள் போராட்டத்தால்தான் வரும், அந்நிய வல்லரசின் தோளில் ஏறி வராது என்றார்கள். கழுத்தில் சுருக்கு தொங்கும் நிலையில் ஒருவர் இப்படிச் சொல்கிறார் என்றால், வெளியே பாதுகாப்பாக உட்கார்ந்திருக்கும் நாம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

அந்தப் போரில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஜூன் 23, திங்கட்கிழமை, பட்டப்பகலில் எவின் மீது இஸ்ரேல் குண்டு வீசியது. வடக்கு தெஹ்ரானில் அல்போர்ஸ் மலையடிவாரத்தில் இருக்கும் இந்தச் சிறை, மன்னர் ஷாவின் ஆட்சியில் 1970களின் தொடக்கத்தில் திறக்கப்பட்டது. மன்னராட்சி திரும்பினால் எல்லாம் சரியாகும் என்பவர்கள் இதையும் நினைவில் வைக்க வேண்டும். குண்டுகள் நுழைவாயில், சிறை மருத்துவமனை, பார்வையாளர் கூடம் ஆகிய பகுதிகளில் விழுந்தன. நம்மூரில் ‘மனு போட்டுப் பார்ப்பது’ என்பார்களே, அதற்காக மக்கள் வந்து போகிற வேலைநாள் நேரம். நீதித்துறை முதலில் 71 பேர் இறந்ததாக அறிவித்தது. பிறகு எண்ணிக்கை 80ஐ ஒட்டி உயர்ந்தது. கைதிகள், பார்க்க வந்த உறவினர்கள், ஊழியர்கள், கட்டாய ராணுவப் பணியில் இருந்த இளைஞர்கள், அக்கம்பக்கத்தார் எல்லாரும் அதில் உண்டு. ஒரு சமூகப் பணியாளரும் அவருடைய ஐந்து வயது மகனும் சேர்ந்தே இறந்தார்கள். இதை ‘விடுதலை வாழ்க’ என்று ஸ்பானிய மொழியில் பதிவிட்டுக் கொண்டாடினார் இஸ்ரேலிய வெளியுறவு அமைச்சர்.

குண்டு விழுந்தால் சிறைக்குள் இருப்பவன் எங்கே ஓடுவான்? கதவு வெளியிலிருந்து பூட்டியிருக்கிறது. பதுங்கு அறை கிடையாது. உயிர் பிழைத்த ஆண்களுக்குக் கைவிலங்கும் கால்விலங்கும் பூட்டிப் பேருந்தில் ஏற்றி, தெற்கே ஃபஷாஃபூயே சிறைக்குக் கொண்டுபோனார்கள். பெண்களைக் கர்ச்சக் சிறைக்கு. கர்ச்சக் முன்பு கோழிப்பண்ணையாக இருந்த கட்டடம்; குழாயில் உப்புத்தண்ணீர் வருகிறது என்பது பல ஆண்டுப் புகார். அங்கே சிகிச்சை தாமதமாகி, சுமையே ரஷீதி என்ற அரசியல் கைதி அந்த செப்டம்பரில் இறந்தார். குண்டு போட்டவன் கணக்கிலும் இந்தச் சாவு வராது. சிறை நடத்துகிறவன் கணக்கிலும் வராது.

போர் மிரட்டல் வரும்போதெல்லாம் தெஹ்ரான் அரசுக்கு ஒரு வசதி கிடைத்துவிடுகிறது: எதிர்த்துப் பேசுகிறவரை எல்லாம் ஒற்றர் என்று சொல்லலாம். ஜூன் போரின் 12 நாட்களில் 21,000 பேரைப் பிடித்ததாகக் காவல்துறையே அறிவித்தது. ஒற்றர் குற்றச்சாட்டில் தூக்குகள் அடுத்தடுத்து நிறைவேறின. அதே ஆண்டு அக்டோபருக்குள் புதிய உளவுத் தடைச் சட்டம் வந்தது. எதிரி ஊடகம் என்று அரசு கருதும் இடத்துக்குப் படமோ தகவலோ அனுப்புவதும் அதில் குற்றம். 2025இல் செப்டம்பர் முடிவதற்குள்ளேயே தூக்குகளின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியதாகப் பன்னாட்டு மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டி கணக்கிட்டது. 2024 முழுவதற்கும் ஆஸ்லோவில் இயங்கும் ஈரான் மனித உரிமைகள் அமைப்பு பதிவு செய்தது 975.

இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. குறிப்பாக நம் இடதுசாரித் தோழர்கள் அதைப் படிக்க வேண்டும். 1988 ஜூலையில் இராக்குடனான எட்டாண்டுப் போர் முடியும் தறுவாயில் இருந்தது. போர்நிறுத்தம் கோரிய ஐ.நா.வின் 598ஆம் தீர்மானத்தை அன்றைய உச்சத் தலைவர் கொமெய்னி ஏற்றார். சில நாட்களில் இராக்கிலிருந்து, ஆட்சியை எதிர்த்த ஈரானிய முஜாஹிதீன் அமைப்பு ஆயுதங்களோடு எல்லை தாண்டியது. அதைக் காரணம் காட்டி, முன்பே தண்டனை பெற்று ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடந்த கைதிகள் மீது பாய்ந்தார்கள். சிறைகளில் தொலைக்காட்சிப் பெட்டிகளை எடுத்தார்கள், செய்தித்தாளை நிறுத்தினார்கள், குடும்பச் சந்திப்பை ரத்து செய்தார்கள். பிறகு சிறு குழு ஒன்று கைதியைக் கூப்பிட்டுச் சில நிமிடம் கேள்வி கேட்டது. பதில் பிடிக்காவிட்டால் தூக்கு. முதலில் முஜாஹிதீன்கள், ஆகஸ்ட் இறுதியிலிருந்து தூதே கட்சி, ஃபெதாயீன் முதலிய இடதுசாரிகள். அவர்களிடம் கேட்டது, தொழுகிறாயா, உன் தந்தை தொழுதாரா என்பதுதான். குறைந்தது 5,000 பேர் என்பது அம்னெஸ்டியின் மதிப்பீடு. தெஹ்ரானின் கவரான் இடுகாட்டில் பெயரில்லாக் குழிகளில் புதைத்தார்கள். தெஹ்ரான் குழுவில் இருந்த இப்ராஹிம் ரய்சி பின்னாளில் நாட்டின் அதிபரே ஆனார். அமெரிக்காவை எதிர்க்கிற அரசு என்பதற்காக இந்தக் கணக்கை மூடிவைப்பவர்கள், புதைகுழியில் கிடக்கும் தங்கள் தோழர்களையே மறுக்கிறார்கள்.

அதனால் ஒரு விஷயத்தைக் குறித்து வையுங்கள்: ஒரு சிறையில் தொலைபேசியும் குடும்பச் சந்திப்பும் ஒரே நேரத்தில் நின்றால் அது நிர்வாகக் கோளாறு அல்ல, அபாய அறிகுறி. அந்த மணிநேரத்தில்தான் வெளியிலிருந்து சத்தம் அதிகம் தேவை.

ஒரு வழக்கு எப்படிப் போகும் என்று தெரிந்தால்தான் எப்போது குரல் கொடுப்பது என்பது தெரியும். கைது ஆனதும் உளவு அமைச்சகத்தின் 209ஆம் பிரிவு, அல்லது புரட்சிக் காவல்படையின் 2-ஏ பிரிவு. இரண்டும் எவினுக்குள்ளேயே இருப்பவை. அங்கே தனிக்கொட்டடி. பகலா இரவா என்று தெரியாத வெளிச்சம், பேச ஆளில்லை; இதற்கு அங்கே ‘வெள்ளைச் சித்திரவதை’ என்று பெயர். வாக்குமூலம் அங்கே எழுதி வாங்கப்படுகிறது. பலரை அதைக் கேமரா முன்னால் சொல்ல வைத்து அரசுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்புகிறார்கள். நாட்டுப் பாதுகாப்பு வழக்கு என்றால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 48ஆம் பிரிவுக் குறிப்புப்படி, புலனாய்வுக் கட்டத்தில் நீதித்துறைத் தலைவர் ஒப்புதல் தந்த பட்டியலில் இருக்கும் வழக்கறிஞரைத்தான் வைக்க முடியும். பிறகு புரட்சி நீதிமன்றம். அரசியல் வழக்குகளில் தூக்கு வரை போகும் குற்றச்சாட்டுகள் முக்கியமாக மூன்று: மொஹாரெபே (கடவுளுக்கு எதிரான போர்), எஃப்சாத்-ஃபெல்-அர்ஸ் (பூமியில் சீர்கேடு), பாகி (ஆயுதக் கிளர்ச்சி). எழுத்தாளர்கள், ஆசிரியர்கள், தொழிற்சங்கத்தார் பெரும்பாலும் 500, 610 ஆகிய பிரிவுகளில் மாட்டுகிறார்கள்: அரசுக்கு எதிரான பிரச்சாரம், கூடிச் சதி செய்தல். ஈரானிய எழுத்தாளர் சங்கத்தின் வரலாற்றைச் சேர்ந்து எழுதியது கவிஞர் பக்தாஷ் அப்தின் மீதான குற்றச்சாட்டுகளில் ஒன்று. எவினில் கொரோனா தொற்றி, மருத்துவமனைக்குத் தாமதமாகக் கொண்டுபோகப்பட்டு, 2022 ஜனவரி 8 அன்று இறந்தார்.

கீழ்நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு மேல்முறையீட்டுக்கு 20 நாள். மரணதண்டனை உச்ச நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே உறுதியானால் மறுவிசாரணை மனு. அதுவும் தள்ளுபடியானால் கோப்பு தண்டனை நிறைவேற்றும் அலுவலகத்துக்கு நகரும். அதற்குமேல் நாள் சொல்ல முடியாது. கைதியைத் திடீரென்று தனிக்கொட்டடிக்கு மாற்றினாலே குடும்பம் பதறும். 2025 ஜூலை 27 அன்று பெஹ்ரூஸ் எஹ்சானி, மெஹ்தி ஹசானி என்ற அரசியல் கைதிகள் இருவரையும் கெசெல் ஹெசார் சிறையில் தூக்கிலிட்டபோது, கடைசிச் சந்திப்பு கூடக் கொடுக்கவில்லை. 2022 டிசம்பரில் மஜித்ரெசா ரஹ்னவார்த் என்ற போராட்டக்காரர் கைதான 23ஆம் நாளே மஷ்ஹத்தில் பொது இடத்தில் தூக்கிலிடப்பட்டார். ஆக, தீர்ப்பு வந்த அன்றிலிருந்து உச்ச நீதிமன்றம் பேசும் வரைதான் நம் குரலுக்கு எடை அதிகம். பாடகர் துமாஜ் சாலேஹிக்கு 2024 ஏப்ரலில் தூக்கு விதித்தார்கள். உலகெங்கும் அவர் பெயர் ஒலித்தது. ஜூனில் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. டிசம்பரில் வெளியே வந்தார். குரல் மட்டுமே காப்பாற்றியது என்று சொல்ல மாட்டோம். ஆனால் பெயர் தெரியாத பலூச் சிறுபான்மை இளைஞனுக்கு அந்தக் குரல் எழுவதே இல்லை. மக்கள்தொகையில் சுமார் 5 விழுக்காடான பலூச் மக்கள், 2023இல் அம்னெஸ்டி பதிவு செய்த தூக்குகளில் 20 விழுக்காடு.

இந்த இடைவெளியை நிரப்பியவர்கள் கைதிகளே. 2024 ஜனவரியில் கெசெல் ஹெசாரில் சில அரசியல் கைதிகள் ‘தூக்கு வேண்டாம் செவ்வாய்க்கிழமைகள்’ என்று தொடங்கினார்கள். ஒவ்வொரு செவ்வாயும் உணவு மறுப்பு, ஒவ்வொரு வாரமும் அறிக்கை. ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறைகளுக்கு இது பரவிவிட்டது. அந்தக் கிழமையைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு: தூக்குகள் பெரும்பாலும் புதன் விடியலில் நடப்பதால், முந்தைய நாளே கைதிகளைத் தனிக்கொட்டடிக்குக் கொண்டுபோவார்கள். அவர்கள் போதைப்பொருள் வழக்குக் கைதிக்கும் சேர்த்தே பேசுகிறார்கள் என்பது எங்களுக்கு மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது. 2025 அக்டோபரில் அதே சிறையில் சுமார் 1,500 மரணதண்டனைக் கைதிகள் சில நாட்கள் தொடர்ந்து உண்ணாவிரதம் இருந்தார்கள். அரசியல் கைதி மட்டும் தப்பினால் போதும் என்ற எண்ணம் அங்கே இல்லை. நமக்கும் இருக்கக் கூடாது.

சரி, இங்கிருந்து என்ன செய்யலாம்?

வாரம் ஒரு பெயர், செவ்வாய்க்கிழமை. பெயர், எந்தச் சிறை, என்ன குற்றச்சாட்டு, வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது: இந்த நான்கும் இல்லாத பதிவு வெறும் இரங்கல். பெயரைப் பாரசீக எழுத்திலும் சேருங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டல் ஆளுக்கு ஆள் மாறுவதால் தேடுகிறவர்கள் தவறவிடுகிறார்கள். தேதியைக் கவனியுங்கள். ஈரானிய ஆண்டு மார்ச் 21ஐ ஒட்டிப் பிறக்கிறது. மார்ச் 21 முதல் டிசம்பர் வரை 621 கூட்டினால் நம் ஆண்டு, அடுத்த ஜனவரி முதல் மார்ச் 20 வரை 622. எவின் குண்டுவீச்சு அவர்கள் கணக்கில் 1404 தீர் மாதம் 2ஆம் நாள். இதை மாற்றத் தெரியாமல் பழைய செய்தியைப் புதிது என்று பகிர்வது அடிக்கடி நடக்கிறது. ஹ்ரானா, ஹெங்காவ் (குர்திஷ் பகுதி), ஹால்வஷ் (பலூச் பகுதி) ஆகிய மனித உரிமைச் செய்தித் தளங்கள், அம்னெஸ்டி ஆகியவற்றில் இரண்டு இடத்திலாவது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நிறைவேறிய தூக்கை அரசு ஒப்புக்கொண்டால் நீதித்துறையின் மீசான் செய்தி நிறுவனத்தில் வரும்.

சரிபார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2022 நவம்பரே சாட்சி. ஈரானெங்கும் அரசுக்கு எதிரான போராட்டம் நடந்துகொண்டிருந்த நேரம். 290 பேர் கொண்ட அந்நாட்டு நாடாளுமன்றத்தில் 227 உறுப்பினர்கள் போராட்டக்காரர்களுக்குக் கடும் தண்டனை கேட்டார்கள். சுமார் 15,000 பேர் கைதாகியிருந்தார்கள். இரண்டையும் குழப்பி, 15,000 பேருக்கு மரணதண்டனை என்று உலகம் முழுவதும் பகிர்ந்தார்கள். அன்றைய கனடா பிரதமர் ட்ரூடோவே பதிவிட்டுவிட்டு நீக்கினார். எல்லாம் பொய்ப் பிரச்சாரம் என்று சொல்ல அரசுக்கு வாய்ப்புக் கொடுத்தாயிற்று. டிசம்பர் 8 அன்று மொஹ்சென் ஷெகாரி என்ற போராட்டக்காரரை உண்மையிலேயே தூக்கிலிட்டார்கள். 2025 ஜூனில் பரவிய, எவின் சிறை நுழைவாயில் வெடிக்கும் கறுப்பு வெள்ளைக் காணொளியும் செயற்கை நுண்ணறிவில் செய்தது என்றே வல்லுநர்கள் பலர் சந்தேகித்தார்கள், அதைப் பகிராதீர்கள்.

கடிதம் எழுதுவதென்றால் ஒரே பக்கம். நீதித்துறைத் தலைவர் மோசேனி எஜெயிக்கு, புது தில்லியில் உள்ள ஈரான் தூதரகம் வழியாக. இலங்கையில் இருப்பவர்கள் கொழும்புத் தூதரகத்துக்கு. வசவு வேண்டாம், ஒரே சொல்லைக் காரணம் காட்டிக் குப்பையில் போடுவார்கள். அவர்கள் சட்டத்தையே எடுத்து வையுங்கள்: சித்திரவதை செய்து பெற்ற வாக்குமூலம் செல்லாது என்கிறது ஈரான் அரசியலமைப்பின் 38ஆம் பிரிவு. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் ஈரான் 1975இலிருந்து இருக்கிறது. கேட்க வேண்டியவை: தூக்கை நிறுத்து, சொந்த வழக்கறிஞரோடு மறுவிசாரணை, வெளி மருத்துவமனைச் சிகிச்சை, குடும்பச் சந்திப்பு. நகல் ஒன்று ஐ.நா.வின் ஈரானுக்கான சிறப்பு அறிக்கையாளர் மாய் சாத்தோவுக்கு.

நம் எம்.பி.க்கும் ஒன்று. 2022 நவம்பர் 24 அன்று ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் ஈரான் பற்றி உண்மை அறியும் குழு அமைக்கும் தீர்மானம் வந்தபோது 25 நாடுகள் ஆதரித்தன, 6 எதிர்த்தன, 16 நாடுகள் ஒதுங்கின. ஒதுங்கியவற்றில் இந்தியாவும் ஒன்று. ஏன் என்று மக்களவையில் எழுத்துக் கேள்வி கேட்கலாம். 15 முழு நாட்கள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதால் கூட்டத்தொடர் தேதி அறிவித்த உடனே மனுவைக் கொடுங்கள்.

செய்யவே கூடாதவை சில உண்டு. கைதியின் குடும்பத்தை இன்ஸ்டாகிராமில் தேடிப்பிடித்துச் செய்தி அனுப்பாதீர்கள். வெளிநாட்டுத் தொடர்பு என்று வழக்கில் சேரும். பணம் அனுப்பாதீர்கள், அதே காரணம்தான். குடும்பமோ வழக்கறிஞரோ வெளியிடாத பெயரை நீங்கள் முதலில் வெளியிடாதீர்கள். உள்ளிருந்து வந்த காணொளி என்றால் அனுப்பியவரின் குரல், கணக்குப் பெயர், பின்னணியில் தெரியும் தெரு எல்லாவற்றையும் மறையுங்கள். கைதியின் படத்தின் மேல் எந்த நாட்டுக் கொடியையும் ஒட்டாதீர்கள், ‘ட்ரம்ப் வருவார்’ என்று எழுதாதீர்கள். ஒற்றர் என்று நிரூபிக்கத் தவிக்கிற அரசுத் தரப்புக்கு அது இலவசச் சான்று.

ஒருவர் வெளியே வந்தாலும் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடாதீர்கள். விடுவிப்பு பல நேரங்களில் தற்காலிக விடுப்புதான், அல்லது வீட்டுப் பத்திரத்தை அடமானமாக வைத்த பிணை. நொபெல் பரிசு பெற்ற நர்கெஸ் மொஹம்மதி 2024 டிசம்பரில் சிகிச்சைக்காக அப்படித்தான் வெளியே வந்தார். ஓராண்டு கழித்து, 2025 டிசம்பர் 12 அன்று, மஷ்ஹத்தில் இறந்துபோன வழக்கறிஞர் ஒருவரின் நினைவுக் கூட்டத்துக்குப் போன இடத்தில் மீண்டும் கைது செய்தார்கள்.