முதல் பாதியை ஏன் விட்டுவிடுகிறோம்?

சீக்கியர்களின் ஒன்பதாம் குரு தேக் பகதூரைப் பற்றிய பதிவுகளில் ‘யாருக்கும் அஞ்சாதே’ என்ற வரி தவறாமல் வரும். மூலத்தில் அது இரண்டாம் பாதி. ‘பை காஹூ கவு தேத் நஹி, நஹி பை மானத் ஆன்.’ பிறரை அச்சுறுத்துவதும் இல்லை, பிறருக்கு அஞ்சுவதும் இல்லை. முன்பாதியை வெட்டினால் வெறும் வீரவசனம்தான் மிஞ்சுகிறது. கட்டளையும் அல்ல அது. ‘கேள் மனமே, அவனையே ஞானி என்று சொல்’ என்பது அடுத்த அடி. ஞானிக்கு இலக்கணம் சொல்கிறார்.

1675-இல் டெல்லி சாந்தினி சௌக்கில் அவர் தலை வெட்டப்பட்டது. காஷ்மீரப் பண்டிதர்களின் சமய உரிமைக்காக நின்றார் என்று சீக்கியர்கள் இன்றும் போற்றுகிறார்கள். அந்த முடிவின் பேரொளியில் கவிஞர் மறைந்துபோனார் என்பதே என் வருத்தம். அவர் இயற்றியவை 59 சபதுகள் (ராகத்தில் பாடும் பாடல்கள்), 57 சலோகங்கள் (ஈரடிப் பாக்கள்). இவற்றைச் சீக்கியரின் புனித நூலான குரு கிரந்தத்தில் சேர்த்தவர் மகன் குரு கோவிந்த் சிங்.

மேலே சொன்னது 16-வது சலோகம். தனியாகப் படிக்காதீர்கள், 13-இலிருந்து வாருங்கள். இன்பதுன்பம் தீண்டாதவன், புகழும் பழியும் ஒட்டாமல் பொன்னையும் இரும்பையும் ஒன்றாகக் காண்பவன், பகைவனும் நண்பனும் ஒன்றானவன் என்று படிப்படியாக ஏறித்தான் அச்சமின்மைக்கு வருகிறார். அந்தப் படிகளைத் தாண்டிக் குதித்தால் அச்சமின்மை முரட்டுத்தனமாகத் தெரியும்.

சபதுகளைப் படிக்க வேறு வழி. கிரந்தத்தில் பாடல்கள் உள்ள குருமார் எல்லாருமே ‘நானக்’ என்றே முத்திரை வைப்பதால், தலைப்பில் ‘மஹலா 9’ (ஒன்பதாம் குரு) இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ‘ரஹாவு’ என்று குறித்த அடியைத் தேடுங்கள். பாடலின் மையக்கருத்து அங்கே இருக்கும்; கீர்த்தனையில் பல்லவிபோல் திரும்பத் திரும்ப வருவதும் அதுதான். இவர் பெரும்பாலும் அதைத் தொடக்கத்திலேயே வைத்துவிடுவார்.

தனாஸ்ரீ ராகத்தில் ஒன்று: ‘காஹே ரே பன் கோஜன் ஜாயீ.’ காட்டுக்குத் தேடிப்போவது ஏன்? எங்கும் உறைபவன், எதிலும் ஒட்டாதவன், உன்னோடே இருக்கிறான். பூவில் மணம்போல, கண்ணாடியில் உருவம்போல. கடைசி அடியில், தன்னை அறியாமல் மயக்கத்தின் ‘காயீ’ நீங்காது என்கிறார். காயீ என்றால் பாசி. மொழிபெயர்ப்பில் ‘மாயை அகலாது’ என்று மட்டும் எழுதினால் அந்தக் குளமே காணாமல் போகிறது. பாசி மேலேதான் படர்ந்திருக்கிறது. அடியில் தண்ணீர் அப்படியே இருக்கிறது.